தொகுதியும் பகுதியும்

இரண்டு தேசங்களின் தலா வருமானத்தை ஒப்பிடுவது இந்த மாதிரிப் பத்திரிகையின் பக்கங்களுக்கு உகந்த விஷயமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சில வருஷங்களுக்கு முன்னால் நானே அப்படிக் கேட்டிருப்பேன். கேட்டதோடு நிற்காமல் எழுதியும் இருக்கிறேன். சராசரி என்பது அனுபவத்துக்கு எதிரி, ஒரு தேசத்தின் துக்கத்தைத் தசம ஸ்தானத்தில் சொல்ல முடியாது, எண் என்பது அதிகாரத்தின் மொழி என்றெல்லாம். அந்தக் கட்டுரையை நண்பர்கள் பாராட்டினார்கள். இப்போது படித்தால் அதில் ஒரு சௌகரியமான அறியாமை இருப்பது தெரிகிறது. கணக்குத் தெரியாததைத் தார்மீக நிலைப்பாடாக மாற்றிக்கொள்வது நம் எழுத்தாளர்களிடம் உள்ள பழைய வியாதி. அதிலிருந்து நான் கொஞ்சம் குணமான விதத்தைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1

எனக்குக் கும்மிடிப்பூண்டியில் வேலை. பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கிற ஒரு ரோலிங் மில்லில் கணக்குப் பார்க்கிறேன். காலையில் புறநகர் ரயில், மாலையில் அதே ரயில். ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு டீக்கடை. அங்கே பழக்கமானவர் ஒரு பெயிண்டர். சுவருக்கும் கிரில்லுக்கும் வர்ணம் அடிப்பவர். கும்மிடிப்பூண்டி முகாமில் இருப்பவர். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு அந்த முகாம்களின் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. அவர் இன்றும் முகாம் என்று மட்டுமே சொல்கிறார்.

அவருடைய குடும்பக் கதை மூன்று தலைமுறையில் மூன்று இடம். தாத்தா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து 1930 வாக்கில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். அப்பா தோட்டத்திலேயே பிறந்து, 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வவுனியாப் பக்கம் இறங்கியவர். இவர் 1990ல் படகேறி, மண்டபம் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கு வந்து சேர்ந்தவர். தாத்தா போனதும் மண்டபம் வழியாகத்தான். தோட்டங்களுக்குப் போகிற கூலிகளை நிறுத்திச் சோதித்து அனுப்ப இலங்கை அரசு நடத்திய முகாம் அங்கே இருந்தது. அந்த மண்டபத்தில்தான் பின்னால் அகதிகளும் வந்து இறங்கினார்கள்.

2022 மார்ச்சில் இலங்கையிலிருந்து மறுபடியும் குடும்பங்கள் தனுஷ்கோடியில் வந்து இறங்கின. இந்த முறை யுத்தம் இல்லை. அரிசி இல்லை, பால்மா இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. பேப்பரில் அதைப் படித்துவிட்டு அவரிடம் என் சாமர்த்தியத்தைக் காட்டினேன்.

"அண்ணே, இப்பவும் கணக்குப் பார்த்தா இந்தியாவை விட இலங்கையிலதான் தலைக்கு வருமானம் கூட. ஏறக்குறைய ஒன்றரை மடங்கு."

அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"தலைக்குன்னா, அதுல என் தலை இருக்கா தம்பி? எந்தப் பக்கத்துல இருக்கு?"

கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்ததில் கிடைத்ததுதான் இனி வருவது.

2

தலா வருமானம் என்பது ஒரு பின்னம். மேலே தொகுதி: ஒரு வருஷத்தில் ஒரு தேசத்தில் விளைந்தது, செய்யப்பட்டது, எல்லாவற்றின் மதிப்பு. கீழே பகுதி: அங்கே இருக்கிற தலைகள். நாம் சண்டை போடுவது எப்போதும் தொகுதியைப் பற்றித்தான். பகுதியை யாரும் கவனிப்பதில்லை.

நம் நாட்டில் இந்தப் பின்னத்தை முதலில் எழுதிப் பார்த்தவர் தாதாபாய் நௌரோஜி. 1876ல் பம்பாயில் அவர் படித்த 'இந்தியாவின் வறுமை' என்ற கட்டுரையில் பிரிட்டிஷ் இந்தியாவில் தலைக்கு ஆண்டு வருமானம் சுமார் 20 ரூபாய் என்று கணக்கிட்டார். அதோடு நின்றிருந்தால் அது ஒரு வெற்று எண். அவர் அடுத்து ஒரு காரியம் செய்தார். சிறைக் கைதிக்கும், கடல் கடந்து போகிற கூலிக்கும் அரசாங்கமே நிர்ணயித்திருந்த சாப்பாட்டு அளவையும் துணியையும் எடுத்துக் கூட்டிப் பார்த்தார். வெறும் உயிரைப் பிடித்து வைத்திருக்கச் சுமார் 34 ரூபாய் வேண்டும் என்று வந்தது. சுதந்திரமாக இருக்கிற இந்தியனின் சராசரி, கைதியின் செலவுக்கும் கீழே. சராசரி அங்கே ஆட்சியின் மேல் வைத்த குற்றப்பத்திரிகை ஆயிற்று. ஆங்கிலேயர் பதிலுக்கு 1882ல் 27 ரூபாய் என்றார்கள், கர்ஸான் காலத்தில் 30 என்றார்கள். சண்டை நடந்தது. எண் என்பது அதிகாரத்தின் மொழி என்று நான் எழுதியபோது இந்த நௌரோஜி என் கண்ணில் படவில்லை.

அடுத்தவர் வி. கே. ஆர். வி. ராவ். காஞ்சிபுரத்தில் 1908ல் பிறந்தவர். அன்றைய செங்கல்பட்டு மாவட்டம், அதாவது இன்றைய திருவள்ளூரும் அடங்கியிருந்த மாவட்டம். 1931-32ம் ஆண்டுக்கு அவர் கண்ட விடை தலைக்கு 62 ரூபாய். சுதந்திரத்துக்குப் பிறகு 1949ல் மஹலனோபிஸ் தலைமையில் தேசிய வருமானக் கமிட்டி அமைந்தது. ராவும் காட்கிலும் அங்கத்தினர்கள். ஆலோசனை சொல்ல வந்தவர்களில் ஸைமன் குஸ்நெட்ஸ் ஒருவர். 1948-49க்கு முதல் அறிக்கையில் தலைக்கு 255 ரூபாய் என்றார்கள். இறுதி அறிக்கையில் 247க்குக் கொஞ்சம் குறைவு. ஒரே வருஷம், ஒரே ஜனங்கள், இரண்டு விடை. இதில் மோசடி எதுவும் இல்லை. தெரியாததை அளக்கும்போது இப்படித்தான் நடக்கும். குஸ்நெட்ஸே 1934ல் அமெரிக்க செனட்டுக்குக் கொடுத்த அறிக்கையில், ஒரு தேசத்தின் நல்வாழ்வை இந்த எண்ணிலிருந்து ஊகிக்க முடியாது என்று எச்சரித்திருந்தார். கருவியைச் செய்தவரே அதன் எல்லையைச் சொல்லிவிட்டார். அதைப் புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

3

இனி இலங்கை. ஒப்பிடுவதற்கு ஒரு வசதி முதலில் இருந்தது. 1949ல் ஸ்டெர்லிங்கோடு சேர்ந்து இரண்டு நாட்டு ரூபாயும் மதிப்பிறங்கின. அதற்குப் பின்னும் டாலருக்கு இரண்டும் 4 ரூபாய் 76 பைசாதான். இந்தியா 1966 ஜூனில் ஏழரை ரூபாய் என்று ஆக்கும்வரை அங்கே ஒரு ரூபாய் என்றால் இங்கே ஒரு ரூபாய். மொழிபெயர்ப்பு தேவைப்படாத ஒப்பீடு. அந்தக் காலத்தில் இலங்கையின் தலா வருமானம் இந்தியாவைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல், சில கணக்குகளில் இரண்டு மடங்கு. உலக வங்கியின் வரிசையில் 1960க்கு இலங்கை சுமார் 140 டாலர், இந்தியா சுமார் 80.

இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது? தேயிலை, ரப்பர், தேங்காய். 1950களில் ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்கு இவை மூன்றும்தான். அதிலும் பாதிக்கு மேல் தேயிலை. தேயிலையைப் பறித்தது யார்? 1946 கணக்கெடுப்பில் இலங்கையின் 66 லட்சம் பேரில் ஏழு லட்சத்து எண்பதாயிரம் பேர் 'இந்தியத் தமிழர்'. பெரும்பகுதி தோட்டத்தில் இருந்தவர்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே இருந்த வருமான இடைவெளியில் ஒரு பெரிய பங்கு, இந்தியாவிலிருந்து போன கைகள் உண்டாக்கியது.

பெயிண்டரின் தாத்தா போனபோது மலையுச்சித் தோட்டங்களில் ஆணுக்கு நாள் சம்பளம் 54 சதம். 1929ல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலி அது. பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. தமிழ்நாட்டு வயலில் கிடைத்ததோடு பார்த்தால் அதிகம்தான்; கங்காணியின் கடன் கழிந்த பிறகு மிஞ்சினால். தாத்தா படிக்காதவர். ஆனால் இரண்டு நாட்டு வருமானத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கப்பலேறினார். நௌரோஜி கடைசியாகக் கூட்டிப் பார்த்த கூலியின் சாப்பாட்டுக் கணக்கை இவர் முதலிலேயே போட்டுவிட்டார். ஒப்பீடு என்பது அறிஞர்கள் கண்டுபிடித்த விஷயமல்ல என்று இதிலிருந்து எனக்குப் பட்டது.

1948ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் இந்த ஜனங்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருஷம் வாக்குரிமையும் போயிற்று. இங்கே கணக்கின் விநோதத்தைக் கவனிக்க வேண்டும். அவர்கள் பறித்த இலை தேசிய வருமானத்தின் தொகுதியில் இருந்தது. அவர்கள் தலை பகுதியில் இருந்தது; ஏனென்றால் ஜனத்தொகை எண்ணும்போது வசிப்பவனை எண்ணுகிறார்கள், பிரஜையை அல்ல. வாக்கு எண்ணும்போது மட்டும் அவர்கள் இல்லை. தேசிய வருமானக் கணக்கு தேசத்தைவிட நேர்மையாக நடந்துகொண்டது. புள்ளிவிவரத்தின் மேல் எனக்கு முதன்முதலாக மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேரில் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்கும், மூன்று லட்சம் பேரை இலங்கை ஏற்கும். மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம். 1974ல் அதையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இரண்டு தேசங்கள் தங்கள் பகுதி எண்ணைப் பேரம் பேசித் திருத்திக்கொண்டது உலக சரித்திரத்தில் அபூர்வம். அந்த வருமானப் பின்னத்தின் கீழ் வரியில் உட்கார்ந்திருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. 1984ல் தலைமன்னார்க் கப்பல் நிற்கும்வரை சுமார் நாலரை லட்சம் பேர் இப்படி வந்தார்கள். நீலகிரியில் அரசின் தேயிலைத் தோட்டங்களிலும் குமரி மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்களிலும் சிலர் அமர்ந்தார்கள். பலர் எங்கெங்கோ கரைந்தார்கள்.

நாலரை லட்சம் என்பது அன்றைய இலங்கையில் நூறில் மூன்று பேர். ஏழைகளில் ஏழையான மூன்று பேரைக் கணக்கிலிருந்து நீக்கினால், மீதி 97 பேருக்கு ஒரு சல்லி கூடாமலேயே சராசரி கொஞ்சம் உயரும். அவர்கள் வந்து சேர்ந்த பக்கம் அறுபது எழுபது கோடி. அங்கே சராசரி அசையவே அசையாது. ஒரு தேசம் முன்னேறியதா, இல்லை தன் ஏழைகளை அனுப்பிவிட்டதா என்று அந்த ஒற்றை எண் சொல்லாது.

4

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் பழைய ஆளாகவே இருக்கிறேன் என்று அர்த்தம். இலங்கையின் உயர்வு வெறும் கானல் அல்ல. 1945லேயே இலவசக் கல்வி. யுத்த காலத்திலிருந்து மானிய விலையில் ரேஷன் அரிசி. 1953ல் அந்த அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியபோது நாடு முழுக்க ஹர்த்தால் நடந்து, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். மலேரியாவை அவர்கள் நம்மைவிட முன்னாலேயே அடக்கினார்கள். 1960ல் இலங்கையில் பிறந்த குழந்தை இந்தியாவில் பிறந்ததைவிடப் பத்து வருஷத்துக்கு மேல் அதிகம் வாழ்வதை எதிர்பார்க்கலாம். இந்த வித்தியாசத்தை வருமான வித்தியாசத்தால் மட்டும் விளக்க முடியாது. கொஞ்சம் பணத்தை எதில் செலவழிப்பது என்ற தீர்மானம் அதில் இருக்கிறது. அமர்த்தியா ஸென் 1980களின் ஆரம்பத்தில் இலங்கையை உதாரணம் காட்டியது இதற்காகத்தான். தமிழ்நாட்டில் சத்துணவையும் ரேஷனையும் பற்றி நாம் பெருமைப்படுவதற்கு முன்னால் அடுத்த கரையில் அது நடந்திருக்கிறது.

ஆனால் அந்தத் தீர்மானம் மலையேறவில்லை. தோட்டப் பள்ளிகளை அரசு எடுத்துக்கொள்ளத் தொடங்கியதே 1970களில்தான். 1973-74 உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் சாவு விகிதம் வெகுவாக ஏறியது. பெயிண்டரின் அப்பா அந்த வருஷங்களைப் பற்றிப் பேச மாட்டாராம். மரவள்ளிக் கிழங்கைத் தட்டில் பார்த்தால் எழுந்து போய்விடுவார் என்பது மட்டும் மகனுக்குத் தெரியும்.

5

ஒப்பீட்டில் அடுத்த கண்ணி டாலர். 1977 நவம்பரில் ஜெயவர்த்தன அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டபோது இலங்கை ரூபாயின் மதிப்பு ஏறத்தாழப் பாதியாயிற்று. டாலருக்கு 16 ரூபாய். இதன் விளைவு வேடிக்கையானது. உலக வங்கியின் டாலர் வரிசையை எடுத்துப் பார்த்தால் 1980ல் இலங்கையும் இந்தியாவும் 270 டாலருக்கு அக்கம்பக்கத்தில் ஒன்றாக நிற்கின்றன. 1960ல் ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்த தேசம் இருபது வருஷத்தில் சமமாகிவிட்டதா? இல்லை. அந்த வருஷங்களில் இலங்கையின் உற்பத்தி வளர்ந்துகொண்டுதான் இருந்தது. மாறியது நாணயத்தின் மாற்று விலை.

நாணய மாற்று விகிதம் கடல் தாண்டுகிற சரக்கைத்தான் பார்க்கும்: தேயிலை, பெட்ரோல், கோதுமை. முடி வெட்டுவதற்கும் வீட்டு வாடகைக்கும் டீக்கடை டீக்கும் அதற்குச் சம்பந்தமில்லை. ஏழை நாட்டில் இவை மலிவு. அதனால் டாலரில் மாற்றினால் ஏழை நாடு இருப்பதைவிட ஏழையாகத் தெரியும். இதைச் சரிசெய்ய பென்ஸில்வேனியா பல்கலைக்கழகத்தில் க்ராவிஸ், ஹெஸ்டன், ஸம்மர்ஸ் மூவரும் ஐக்கிய நாடுகள் சபையோடு சேர்ந்து 1968லிருந்து உழைத்தார்கள். ஒரே கூடைச் சாமானுக்கு ஒவ்வொரு நாட்டிலும் என்ன விலை என்று எழுதி, அதைக் கொண்டு வருமானத்தை ஒப்பிட்டார்கள். 1975ல் வந்த முதல் அறிக்கையின் பத்து நாடுகளில் இந்தியா உண்டு. இலங்கை பின்னால் சேர்ந்தது. அமெரிக்கனின் வருமானத்தை 100 என்று வைத்தால் 1975ம் ஆண்டுக்கு இலங்கை 9 சொச்சம், இந்தியா ஆறரை. மாற்று விகிதத்தில் பார்த்தால் இந்தியா வெறும் 2. ஆக, நாம் டாலர்க் கணக்கில் தெரிந்ததைவிட மூன்று மடங்கு வசதியாக இருந்திருக்கிறோம். இலங்கை நம்மைவிட ஒன்றரை மடங்கு வசதியாக.

இது சந்தோஷப்படுகிற விஷயமல்ல. டீ மலிவு என்றால் டீ ஆற்றுகிறவனின் உழைப்பு மலிவு என்று அர்த்தம். ஏழை நாட்டின் வருமானம் திருத்திய கணக்கில் உயர்வதற்குக் காரணம் அதன் ஏழைகள் மலிவாக உழைப்பதுதான். பெயிண்டரின் தினக்கூலி குறைவாக இருப்பதால் என் வீட்டுச் சுவர் எனக்கு மலிவாகிறது. அந்த அளவுக்கு இந்தியா பணக்கார நாடாகிறது.

6

1983 ஜூலைக்குப் பிறகு யுத்தம். இந்த இடத்தில் பகுதி எண் முழுக்கச் சிதைகிறது. இலங்கையில் 1981ல் கணக்கெடுப்பு நடந்தது. 1991ல் நடக்கவில்லை. 2001ல் நடந்தது, ஆனால் 25 மாவட்டங்களில் 18ல் மட்டுமே முழுமையாக. தீவு முழுவதையும் மறுபடி எண்ணியது 2012ல். முப்பத்தொரு வருஷம் இலங்கையின் தலா வருமானத்தை ஊகத்தால் வகுத்துக்கொண்டிருந்தார்கள். வடக்கில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேர் போய்விட்டார்கள், எத்தனை பேர் செத்துவிட்டார்கள் என்று தெரியாமலே சராசரி வருஷம் தவறாமல் அச்சானது. 2012ல் எண்ணியபோது இரண்டு கோடியே மூன்றரை லட்சம் சொச்சம் பேர். அதுவரை கணக்கில் வைத்திருந்ததைவிடச் சில லட்சம் குறைவு. தலைகள் குறைந்ததால் தலா வருமானம் அந்த அளவுக்கு உயர்ந்தது. குறைந்த லட்சங்களில் கும்மிடிப்பூண்டியும் புழலும் உண்டு, டொரன்டோவும் பாரிஸும் உண்டு, முள்ளிவாய்க்காலும் உண்டு.

யுத்த வருஷங்களிலும் இலங்கையின் பொருளாதாரம் ஆண்டுக்கு நூற்றுக்கு நாலைந்து வீதம் வளர்ந்தது. 2001 ஒன்றுதான் இறங்கிய வருஷம். வடக்கு எரிந்துகொண்டிருக்க, கொழும்பைச் சுற்றிய மேல் மாகாணம் சராசரியைத் தூக்கிச் சென்றது. 2019 ஜூலையில் உலக வங்கி இலங்கையை மேல்நடுத்தர வருமான நாடு என்று அறிவித்தது. தலைக்கு 4,060 டாலர். எல்லைக் கோடு 3,996. அடுத்த ஜூலையில் வருமானம் 4,020. கோடு 4,046க்கு நகர்ந்திருந்தது. இருபத்தாறு டாலரில் ஒரு தேசம் மறுபடி ஒரு வகுப்பு இறங்கியது. 2021ல் தேயிலை பறிப்பவளின் நாள் சம்பளத்தை ஆயிரம் ரூபாயாக்கி அரசு ஆணை போட்டது. நீண்ட போராட்டத்தின் முடிவு அது. அன்றைய மாற்றில் ஐந்து டாலர். 4,000 டாலரை 365ஆல் வகுத்தால் நாளைக்குப் பதினொன்று. அதாவது வேலை செய்த நாளில் அவள் சம்பாதித்தது, கைக்குழந்தையும் சேர்த்து ஒவ்வொரு தலைக்கும் கிடைப்பதாகச் சொல்லப்பட்ட சராசரியில் பாதிக்கும் குறைவு. அதில் அவள் வீட்டில் நாலு தலை சாப்பிட வேண்டும். 2022 ஏப்ரலில் இலங்கை கடனைத் திருப்ப முடியாது என்று சொன்னது. டாலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போயிற்று. ஆயிரம் ரூபாய் மூன்று டாலருக்கும் கீழே இறங்கியது.

அந்த வருஷமும் இலங்கையின் சராசரி இந்தியாவைவிட மேலேதான். ஆனாலும் படகு இங்கே வந்தது. மனிதர்கள் சராசரியைப் பார்த்துப் படகேறுவதில்லை; தாங்கள் நிற்கிற படியைப் பார்த்து ஏறுகிறார்கள். அதிக வருமான நாட்டின் கடைசிப் படி, குறைந்த வருமான நாட்டின் முகாமைவிடக் கீழே இருக்க முடியும் என்பதைத் தனுஷ்கோடி மணல் காட்டியது.

7

இந்தப் பக்கத்துக்கு வருவோம். இந்தியச் சராசரி என்பதும் ஒரு மூடுதுணி. தமிழ்நாட்டின் தலா வருமானம் 2022-23ல் 2 லட்சத்து 78 ஆயிரம் ரூபாய். அகில இந்தியச் சராசரியைப்போல 1.64 மடங்கு. இலங்கைக்கு நெருக்கமான எண் இது. தமிழ்நாட்டுக்குள்ளும் திருவள்ளூர் முன்வரிசை மாவட்டம். எண்ணூரின் அனல் மின் நிலையங்களும் துறைமுகங்களும், ஆவடி, திருமழிசை, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைகளும் இந்த எண்ணைத் தூக்குகின்றன. ஆனால் உற்பத்தி எங்கே நடக்கிறதோ அங்கே கணக்கு ஏறும். லாபம் எங்கே போகிறது என்று அது கேட்காது. எங்கள் மில்லில் உலைக்கு முன்னால் நிற்பவர்கள் பீகாரிலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் வந்தவர்கள். கூலியில் பெரும்பகுதி மணியார்டர் போன வழியில் இப்போது ஃபோனில் போகிறது. இந்த மாவட்டத்தின் உயர்ந்த வருமானம் என்பது பெரும்பாலும் இந்த மாவட்டத்து ஜனங்களின் கையில் இல்லாத வருமானம். ஒரு நூற்றாண்டுக்கு முன் இலங்கைத் தோட்டத்துக்கும் புதுக்கோட்டைக்கும் இருந்த சம்பந்தம் இன்று கும்மிடிப்பூண்டிக்கும் பீகாருக்கும்.

தேர்வாய்க் கண்டிகை இங்கிருந்து தூரமில்லை. அங்கே சுமார் ஆயிரத்து நூறு ஏக்கர் மேய்ச்சல் காடு சிப்காட் தொழிற்பூங்கா ஆயிற்று. ஊர் ஜனங்கள் எதிர்த்தார்கள். 2009ல் பிரெஞ்சு டயர்க் கம்பெனியான மிஷெலினோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மாடு மேய்ந்ததும் விறகு பொறுக்கியதும் தேசிய வருமானத்தில் மிகச் சொற்பமாகவே ஏறியிருக்கும். டயர் முழுசாக ஏறும். காலத்தின் இரு முனைகளை ஒப்பிடும்போது இதையும் நினைக்க வேண்டும்: முன்பு கணக்கில் இல்லாதது போய், கணக்கில் வருவது வந்திருக்கிறது. வளர்ச்சி பொய் என்று சொல்லவில்லை. ஆரம்பப் புள்ளி பூஜ்யமல்ல என்று மட்டும் சொல்கிறேன்.

முகாமுக்கு வருகிறேன். 2021ல் உயர்த்திய உதவித்தொகைப்படி குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைக்கு 500. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 3,500. தமிழ்நாட்டுச் சராசரிப்படி அதே நாலு தலைக்கு மாதம் தொண்ணூறாயிரத்துக்கு மேல். அந்த 3,500கூடத் தேசிய வருமானத்தில் சேராது. அது ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறும் பணம், உற்பத்தி அல்ல. பெயிண்டர் சுவரில் அடிக்கிற வர்ணம் மட்டும் சேரும். அவர் தலையும் சேரும், எண்ணுகிறவர் ஒழுங்காக வந்தால். 2011க்குப் பிறகு 2021ல் நடக்க வேண்டிய நம் கணக்கெடுப்பு அந்த வருஷம் நடக்கவில்லை. நாமும் ஊகத்தால் வகுத்தவர்கள்தான்.

8

அவருடைய கேள்விக்கு இப்போது பதில் சொல்ல முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் சொன்னேன்.

"1990 வரைக்கும் உங்க தலை அந்தப் பக்கம் அண்ணே. அப்புறம் இந்தப் பக்கம். உங்க தாத்தா பறிச்ச இலை அந்தப் பக்கம், நீங்க அடிச்ச பெயிண்ட் இந்தப் பக்கம்."

"பங்கு?"

"பங்கு எந்தப் பக்கமும் இல்லை. வகுத்தா வருதுன்னு சொல்றாங்க, அவ்வளவுதான்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப கணக்குல இருக்கேன். சீட்டுலதான் இல்ல" என்றார்.

சீட்டு என்று அவர் சொன்னது குடியுரிமையை. 2003ல் இலங்கை, அங்கே மிஞ்சியிருந்த மலையகத்தாருக்குச் சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்தது. அப்போது இவர் இங்கே இருந்தார். 2019ல் இந்தியா குடியுரிமைத் திருத்தச் சட்டம் கொண்டுவந்தபோது அதில் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் இருந்தன, இலங்கை இல்லை. 2021ல் தமிழ்நாட்டு முகாம்களில் இருந்த சுமார் 58 ஆயிரம் பேரில், தாத்தாவின் ஊர் தமிழ்நாடாகவே உள்ள இவரைப் போன்றவர்கள் பல ஆயிரம்.

நான் மறுபடி என் பழைய கட்டுரைக்கு வருகிறேன். சராசரி அனுபவத்துக்கு எதிரி என்றேன். பாதி உண்மை. சராசரி ஒரு விசித்திரமான வாக்கியம்: சமமாகப் பங்கிடப்படாத ஒன்றைச் சமமாகப் பங்கிட்டதாகப் பேசுகிறது. அதைப் பொய் என்று தள்ளலாம். நௌரோஜியைப் போல, அதைக் கையில் எடுத்துக்கொண்டு கைதியின் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைத்தும் பார்க்கலாம். இரண்டாவதற்கு உழைப்பு அதிகம். நம் இலக்கியம் தொகுதியைப் பழித்தும் பரிகசித்தும் எத்தனையோ எழுதிவிட்டது. பகுதியை, அந்தக் கீழ் வரியில் யார் யார் இருக்கிறார்கள், யாரை எப்போது அடித்தார்கள் என்பதை, எழுதவில்லை. மலையகத்தில் எழுதினார்கள், நாம் படிக்கவில்லை.

இரண்டு தேசங்களை ஒப்பிடும் எண்ணை இனி யாராவது என்னிடம் சொன்னால் எந்த நாணயம், எந்த விலை என்று கேட்பேன். அதற்கு முன்னால், எத்தனை பேரால் வகுத்தீர்கள், அவர்களை யார் எண்ணினார்கள் என்று கேட்பேன். இந்தக் கேள்வியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நேற்றும் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் ரோட்டில் போய்க்கொண்டிருந்தார். வேலை பாடியநல்லூரில் என்றார். மாலைக்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும், தணிக்கை இருக்கிறது என்றார். தலையை எண்ணுகிற தணிக்கை.